காத்திருக்கிற பெட்டிக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் போகவேண்டும்

கேள்வி: பருத்தித்துறையில் ஒரு செய்மதி நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கேயூ பாண்ட் அலைவரிசை, இரண்டு பி.யூ.சி. (மோடத்தின் சிக்னலைச் செய்மதி அதிர்வெண்ணுக்கு உயர்த்தி அனுப்பும் பெட்டி). ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். கரண்ட் தனித்தனியாகப் போகிறது. மோடத்திலிருந்து வரும் கேபிளை மட்டும் டிவி டிஷ் ஸ்ப்ளிட்டரால் இரண்டாகப் பிரித்திருக்கிறோம். காத்திருக்கிற பெட்டி அடிக்கடி லாக் இழந்து சிவப்பு லைட் காட்டுகிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்ப்ளிட்டரில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 950–2150 என்று இருந்தால் என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். உங்கள் கேபிளில் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சிக்னலோடு 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸும், அதாவது பி.யூ.சி. தன் அதிர்வெண்ணைப் பூட்டிக்கொள்ள (லாக்) உதவும் அளவுகோல் சிக்னலும், சேர்ந்து போகிறது. அந்த ஸ்ப்ளிட்டர் 10 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்ததல்ல. ஒரு பக்கம் கொஞ்சம் கசியும், மறுபக்கம் அதுவும் இராது. ரெஃபரன்ஸ் இல்லாவிட்டால் பி.யூ.சி. தானே அனுப்பலை நிறுத்தி வாயை மூடிக்கொள்ளும். அது நல்ல பழக்கம்தான், இல்லாவிட்டால் பக்கத்து அலைவரிசைக்காரன் நம்மைத் திட்டுவான்.

சோதிப்பது சுலபம். அனுப்பலை நிறுத்திவிட்டு ஸ்ப்ளிட்டரின் இரண்டு வாயையும் மாற்றிப் பூட்டுங்கள். சிவப்பு லைட் மற்றப் பெட்டிக்குத் தாவினால் பெட்டி சுத்தம். குற்றம் ஸ்ப்ளிட்டரில், அல்லது அந்த வாயில்.

அளந்தும் பாருங்கள். பெரும்பாலான பி.யூ.சி.கள் ரெஃபரன்ஸை −5 முதல் +5 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) வரை ஏற்கும். மோடம் 0 டிபிஎம் தந்தால், 10 மெகாஹெர்ட்ஸையும் விடுகிற நல்ல ஸ்ப்ளிட்டரிலேயே 3 டிபிக்குச் சற்று மேல் குறைந்துவிடும். 30 மீட்டர் கேபிள் இந்த அதிர்வெண்ணில் 1 டிபிகூடத் தின்னாது. ஆனாலும் விளிம்புக்கு வந்துவிட்டோம், பாருங்கள். மோடம் கேபிளில் தரும் டிசி மின்சாரத்தை அணைத்துவிட்டு, பி.யூ.சி.க்குப் போகும் கேபிள் முனையை 50 ஓம் முடிவு போட்ட ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: 0 டிபிஎம் என்றால் உச்சிக்கு உச்சி 0.63 வோல்ட், −5 என்றால் 0.36. அதற்குக் கீழே இருந்தால் 10 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்த விநியோக அம்ப்ளிஃபையர் (சிக்னலைக் குறையாமல் பல வாய்க்குப் பிரித்துக் கொடுப்பது) வாங்குவது நல்லது. மலிவான அம்ப்ளிஃபையர் வேண்டாம். பி.யூ.சி.க்குள் இருக்கிற 13.05 கிகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் இந்த 10 மெகாஹெர்ட்ஸின் 1305 மடங்கு; அதனால் ரெஃபரன்ஸில் இருக்கிற ஃபேஸ் இரைச்சல் (அலையின் சிறு நடுக்கம்) 62 டிபி பெருகி வெளியே வரும்.

ரெஃபரன்ஸை சிக்னலோடு சேர்த்து சுவிட்சில் மாற்றவும் கூடாது. இரண்டு பெட்டிக்கும் எப்போதும் அது போய்க்கொண்டிருக்கவேண்டும், அப்போதுதான் மாறும் நேரத்தில் மற்றது லாக் ஆகித் தயாராக நிற்கும். பின்னாளில் இரண்டாவது மோடம் வைத்தால், இரண்டு மோடத்தின் ரெஃபரன்ஸையும் ஒரே கேபிளில் கலந்துவிடாதீர்கள். 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தாலே ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். ரிலேயால் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

அப்புறம் கடற்காற்று. வெளியே இருக்கிற கனெக்டரைத் திறந்து நடுப்பின்னைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போட்டு, ஒட்டும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னரே செய்துவிடுங்கள்.