விசா காலாவதியானால் மகன் திரும்பிவிட வேண்டுமா?

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவை ஒட்டியவை. கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்த விசா அடுத்த மாதம் முடிகிறது. ஆய்வு முடிய இன்னும் ஓராண்டு ஆகும். விசா முடிந்த பிறகும் அங்கே இருப்பது சட்டவிரோதம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவன் உடனே வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டுமா?
- ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: வேண்டியதில்லை. உங்கள் உறவினர்கள் விசாவையும் தங்கும் உரிமையையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

விசா என்பது அமெரிக்க எல்லையில் வந்து நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு. உள்ளே வந்தபின் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற வருகைப் பதிவே முடிவுசெய்கிறது. மாணவர்களின் ஐ-94இல் கடைசி நாள் எதுவும் குறிக்காமல் 'டி/எஸ்' என்று பதிவது நெடுங்கால வழக்கம். மாணவருக்குரிய கடமைகளைச் சரிவரச் செய்துவரும் காலம் முழுவதும் தங்கலாம் என்பது அதன் பொருள். இதற்குப் பதிலாக அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் என நாள் குறித்துக் கொடுக்கும் ஒரு வரைவு விதியை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆகவே உங்கள் மகன் தன் ஐ-94 பதிவை இணையத்திலிருந்து எடுத்து, அதில் அந்த எழுத்துகள் உள்ளனவா, குறிப்பிட்ட நாள் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் உண்மையில் கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு முடியும் நாள். ஆய்வு அதற்குள் முடியாது என்று தெரிந்தால், அந்த நாள் வருமுன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் நீட்டிப்பு பெற வேண்டும். ஆய்வில் எதிர்பாராமல் வந்த சிக்கல், தலைப்பு மாற்றம், மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு நீட்டிப்பு கிடைக்கும். நாள் கடந்தபின் போய் நின்றால் அந்த அலுவலரால் நீட்டித்துத் தர முடியாது.

விசா முடிந்த நிலையில் அவர் ஊருக்கு வந்தால் மட்டும், திரும்பிப் போகப் புதிய விசா வாங்கியாக வேண்டும். முன்பு பலருக்கு நேர்காணல் இல்லாமலே புதுப்பித்துக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை மாணவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. எனவே வீட்டில் திருமணம் என்று பத்து நாள் விடுப்பில் வருவதாக இருந்தால், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்கிறதா என்று பார்த்தபிறகு பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஐ-20இல் பயணத்துக்கான கையொப்பம் ஓராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

கேள்வி: முதுநிலைப் படிப்பின் முதல் ஆண்டில் இருக்கிறேன். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி அனுப்பினார்கள். வாடகைக்கே திணறுகிறேன். அருகிலுள்ள ஓர் இந்திய உணவகத்தில் கையில் பணமாகக் கொடுப்பார்கள், யாருக்கும் தெரியாது என்று அறைத்தோழர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?
- ஒரு மாணவர், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர்

பதில்: போகாதீர்கள். கடன் உங்கள் நெஞ்சில் எப்படி அழுத்திக்கொண்டிருக்கும் என்பதை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

அனுமதியின்றி வேலை செய்வது மாணவர் நிலையை உடனே முறிக்கும் மீறல். வேறு சில தவறுகள் நேர்ந்தால், இழந்த நிலையைத் திரும்பப் பெற ஐந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். படிப்பை முறையாக முடித்தவருக்கு நாட்டை விட்டுப் புறப்பட 60 நாள் அவகாசம் தருகிறார்கள். நிலை முறிந்தவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. யாருக்கும் தெரியாது என்பதும் உண்மையல்ல. உணவகத்தில் சோதனை நடக்கலாம். மனக்கசப்பில் ஒருவர் புகார் எழுதலாம். பின்னாளில் 'கிரீன் கார்டு' எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, அனுமதியின்றி எப்போதேனும் வேலை செய்தீர்களா என்று உறுதிமொழியின் பேரில் கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் அது முதல் தவறைவிடப் பெரியது. இதையெல்லாம் அந்த முதலாளியும் அறிவார். கூலியைக் குறைத்தாலும், பதினான்கு மணி நேரம் நிற்கவைத்தாலும் நீங்கள் எங்கும் போய் முறையிட மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் அவர் உங்களை அழைக்கிறார். நம்மவர்களே நம் பிள்ளைகளை இப்படி நடத்துவது எனக்குப் பெரும் வேதனை.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள், வாடகைக்கார் ஓட்டுவது, காணொளி அலைவரிசை நடத்திச் சம்பாதிப்பது ஆகியவையும் இதே தவறுதான். நண்பர் பெயரில் கணக்கு வைத்து ஓட்டினால், அதோடு ஏமாற்றும் சேர்ந்துகொள்ளும்.

இனி, உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகளைப் பாருங்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரையிலும், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். இதற்கு முதல் ஆண்டிலும் தடையில்லை. உணவுக்கூடம், நூலகம், கணினி உதவி மையம், விடுதி அலுவலகம் என்று நேரில் போய்க் கேளுங்கள். பருவத் தொடக்கத்தில் இடம் இல்லை என்றவர்கள் நடுவில் ஆள் விலகும்போது கூப்பிடுவதுண்டு. பாடம் எடுத்த பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளர் பணி பற்றிக் கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு கல்வியாண்டு முடிந்தபின், நீங்கள் எதிர்பாராத கடும் பணநெருக்கடி நேர்ந்திருந்தால், வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் வேலை செய்யக் குடியேற்றத் துறையிடம் அனுமதி கேட்கலாம். செலவுக்குப் பணம் கொடுத்துவந்தவரின் நிலை திடீரென்று மாறுவது, நாணய மதிப்பு பெரிதாகச் சரிவது, மருத்துவச் செலவு ஆகியவற்றை விதியே காரணங்களாக ஏற்கிறது. இப்படி ஒரு வழி இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. படிப்போடு இணைந்த பயிற்சிக்கு சி.பி.டி. அனுமதியும், படித்த துறையில் ஓராண்டு வேலைக்கு ஓ.பி.டி. அனுமதியும் உள்ளன. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறையினருக்கு ஓ.பி.டி. மேலும் 24 மாதம் நீளும். உங்கள் கடனை அடைக்கப்போவது அந்த மூன்றாண்டு வருமானம்தான். உணவகத்தின் சில நூறு டாலருக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் பயன்படுத்தியவருக்கு அந்தப் பட்டநிலையில் ஓ.பி.டி. கிடைக்காது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: மகள் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மன அழுத்தத்தால் மிகவும் சோர்ந்திருக்கிறாள். இரண்டு பாடங்களை விட்டுவிடலாம் என்கிறாள். விசாவுக்குப் பாதிப்பு வருமா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: முறையாகச் செய்தால் பாதிப்பு வராது. இளநிலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) எடுத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. உடல்நலமோ மனநலமோ சரியில்லாதபோது அதைக் குறைத்துக்கொள்ளவும், தேவையானால் ஒரு பருவம் பாடமே எடுக்காமல் இருக்கவும் அதே விதி இடம் தருகிறது. மருத்துவரோ உரிமம் பெற்ற உளநல மருத்துவ நிபுணரோ எழுதிய கடிதம் வேண்டும். ஒரு பட்டநிலையில் மொத்தம் 12 மாதம் வரை இந்தச் சலுகை கிடைக்கும்.

வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மா. முதலில் கடிதம், அடுத்து வெளிநாட்டு மாணவர் அலுவலரின் அனுமதி, அதன் பிறகுதான் பாடத்தை விடுவது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாடம் நீங்கிவிடும் என்பதால், பிள்ளைகள் இரவில் மனம் நொந்து அழுத்திவிட்டு மறுநாள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அதற்குள் அவர்களின் கிரெடிட் குறைந்திருக்கும், அனுமதி இருக்காது. ஊருக்கே வந்து தேற வேண்டும் என்று முடிவெடுத்தாலும், அலுவலரிடம் சொல்லி முறையாக விலகினால் புறப்பட 15 நாள் கிடைக்கும், மீண்டும் சேரவும் வழி இருக்கும். மனநலச் சிகிச்சை பெறுவதால் மட்டும் மாணவர் நிலை பறிபோகாது. இதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். பல பிள்ளைகள் அந்தப் பயத்தில்தான் மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு முகவர், வகுப்புக்கே போகத் தேவையில்லை, முதல் நாளிலிருந்தே வெளியில் வேலை செய்யலாம் என்று ஒரு கல்லூரியைச் சொல்கிறார். நம்பலாமா?
- ஒரு பட்டதாரி, மதுரை

பதில்: வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்ற சொல்லிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. படிக்க வந்தவருக்குத்தான் எஃப்-1. 2011இல் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது அங்கே பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதை நடத்தியவருக்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. மிச்சிகனில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் குடியேற்றத் துறையே ஒரு போலி நிறுவனத்தை நடத்தியது. அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. 2019 ஜனவரியில் அதன் மாணவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கைதானார்கள். அரசே மாணவர்களுக்கு வலை விரித்தது நியாயமா என்று அமெரிக்காவிலேயே பலர் கேட்டார்கள், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற வாதம் அந்த மாணவர்களில் பலரைக் காப்பாற்றவில்லை. ஐ-20 படிவத்தில் கையெழுத்திடுவது நீங்கள். முகவரின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

கேள்வி: கடந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா வந்தேன். வருமானம் எதுவும் இல்லை. வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டுமா?
- ஒரு மாணவி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்

பதில்: வருமானம் இல்லாவிட்டாலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். வளாகத்தில் வேலை செய்து சம்பளம் பெற்றிருந்தால் ஏப்ரல் 15க்குள் 1040-என்.ஆர். படிவமும் சேரும். இந்திய மாணவர்கள், தங்கள் நாட்டுடனான வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி நிலையான கழிவை, அதாவது வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் ஒரு நிலையான தொகையைப் பெறலாம். இலங்கை மாணவருக்கு அந்தக் கழிவு இல்லை என்பதால், இந்தியத் தோழி நிரப்பியதைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் பல்கலைக்கழக அலுவலரிடம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகன் வேகமாகக் கார் ஓட்டியதற்காக அபராதம் கட்டினான். இதற்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேகத்துக்கான சாதாரண அபராதம் மாணவர் நிலையை முறிக்கும் குற்றமல்ல. உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2025 ஏப்ரலில் 'செவிஸ்' எனப்படும், வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அரசின் கணினிப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவுகள் திடீரென்று நீக்கப்பட்டன. அவர்களில் சிலருக்குச் சிறிய போக்குவரத்து வழக்குகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நீதிமன்றங்கள் தலையிட்ட பின், அந்த மாத இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. கட்டிய ரசீதையும் வழக்கு முடிந்ததற்கான தாளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். விசா விண்ணப்பங்களில் அது கேட்கப்படலாம்.

மது அருந்திவிட்டு ஓட்டுவது வேறு. ஒரே ஒரு கைதுக்கே விசாவை ரத்து செய்கிறார்கள். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்தாலும் நாட்டின் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. குடியேற்றத் துறை பார்ப்பது மத்தியச் சட்டத்தை. இன்னொன்றை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று பல மாநிலங்களில் கேட்பார்கள். படிவத்தைப் படிக்காமல் அதில் குறியிட்டு, அமெரிக்கக் குடிமகன் என்று கையெழுத்திட்டவர்கள் உண்டு. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னது, பிற்காலத்தில் அந்த நாட்டுக்குள் நுழையவே நிரந்தரத் தடையாக வந்து நிற்கக்கூடும். உங்கள் மகன் உரிமம் வாங்கியபோது அந்தக் கட்டத்தில் என்ன செய்தான் என்று இன்றே கேளுங்கள். தவறுதலாகக் குறியிட்டிருந்தால், அவனாக எதையும் எழுதி அனுப்பாமல் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.