அப்பாவின் வெற்றிலைப் பழக்கம்: என் பதில்

“கொட்டாஞ்சேனைக் கடையில் இருந்தபடியே அப்பா நாளுக்குப் பத்து வாய் வெற்றிலை போடுகிறார், புற்றுநோய் வரும் என்று தெரிந்தும் ஏன்?” என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை, அதனால் படம் காட்டிப் பயமுறுத்துவதை விடுங்கள். ருசி இப்போதே வாயில், நோய் எங்கோ இருபது வருடம் தள்ளி. ‘இந்த ஒரு வாயால் என்ன வந்துவிடும்?’ என்ற கணக்கும் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் தோன்றும்.

என் சித்தப்பாவும் இப்படித்தான். காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கன்னத்தில் ஒதுக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் அவருக்கு ஓய்வு. கடைக்காரருக்கு வேறு ஓய்வு ஏது? அப்புறம் பாக்கில் அரிக்கோலின், புகையிலையில் நிக்கோட்டின், இரண்டும் ஆளைப் பழக்கிவிடும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

சரி, ஒன்று செய்யுங்கள். அப்பாவை வாய் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் இறுகி மூன்று விரலும் உள்ளே போகாவிட்டாலோ, வெள்ளைத் திட்டோ உறைப்புப் பட்டால் எரிவோ இருந்தாலோ, கொழும்பு வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். சித்தப்பாவுக்கு இரண்டு விரல்தான் போனது. அன்றைக்கே வெற்றிலைப் பெட்டியைச் சித்தியிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் திருப்பிக் கேட்டார், சித்தி உள்ளே ஏலக்காய் போட்டுக் கொடுத்தார்.