மலிவு ஐஷேடோ ஸ்டிக்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ரேவதி: அக்கா, மருந்துக்கடையில் இமைக்கு நிறம் பூசும் விலை குறைவான ஐஷேடோ ஸ்டிக் ஒன்று வாங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது. மலிவுச் சரக்கு என்பதாலா?

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நீண்ட நேரம் நிற்கும் ஸ்டிக்குகளில் மெழுகு, நிறமியோடு ஐசோடோடெக்கேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் திரவமும் இருக்கும். அது ஆவியானதும் நிறம் மெல்லிய படலமாக இறுகும். அதற்குள் நீங்கள் மேலே பார்த்தால் ஈர நிறம் மடிப்புக்குள் போய் ஒதுங்கும். இமையில் கிரீமோ சன்ஸ்கிரீனோ இருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஒரு கண்ணை முடித்த பிறகே மறு கண். ஒரே ஒரு மெல்லிய பூச்சு, உடனே மோதிர விரலால் ஓரத்தைத் தட்டிக் கலையுங்கள், பிறகு ஒரு நிமிடம் கீழேயே பாருங்கள். அடர்த்தி போதாவிட்டால் காய்ந்தபின் இன்னொரு பூச்சு.

உங்கள் ஸ்டிக் எந்த வகை என்று அறிய, மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் கழித்துக் கட்டைவிரலால் தேயுங்கள். அசையாவிட்டால் இறுகும் வகை. வழுக்கிக்கொண்டு வந்தால் ஆவியாகாத எண்ணெயும் மெழுகும் உள்ள வகை.

செல்வி: அப்படியென்றால் மேலே பவுடர் போட்டே ஆகவேண்டும், இல்லையா?

மாலா: போடாதீர்கள் செல்வி! மினுமினுப்பே செத்துப்போகும்.

இருவரும் வேறு வேறு ஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். வழுக்கும் வகைக்குப் பவுடர் வேண்டும், இறுகும் வகைக்குத் தேவையில்லை.

மாலா: என்னுடையது வழுக்கும் வகைதான், ஆனால் மினுக்கு. அதற்குமா?

மினுக்கு வருவது மைக்கா என்ற கனிமத் துகள்களால். அவை தட்டையாகப் படிந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மங்கலான பவுடரை மேலே தூவினால் அந்த வெளிச்சம் மறையும், அதில் உங்கள் பேச்சு சரி. மடிப்பில் மட்டும் அதே நிற மினுக்குப் பவுடரை ஒற்றுங்கள். நடு இமையை விட்டுவிடலாம்.

செல்வி: இமை முழுக்கப் போட்டால்தான் எனக்கு நிற்கிறது.

எண்ணெய்ப் பசையுள்ள இமைக்கு அது சரிதான். மாலாவுக்கு அது பொருந்தாது.

தீபா: பிரஷ்ஷா, விரலா?

விரல். அதன் சூட்டில் மெழுகு இளகும்.

கீதா: எனக்கும் மடிப்பில் திரள்கிறது, ஏன்?

ரேவதிக்கு எழுதியதைப் படியுங்கள்.

நித்யா: இதையே கண்ணுக்குள், மை தீட்டுகிற இடத்தில் போடலாமா?

வேண்டாம். அந்த விளிம்பில் கண்ணீர் காயாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் நுண் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மெழுகு அவற்றை அடைக்கும், மினுக்குத் துகள் கண்ணை உறுத்தும்.

அனு: உதட்டில்?

கூடாது. கண்ணைச் சுற்றிப் பூச அமெரிக்க விதிகள் அனுமதிக்கும் சில பச்சை, நீல நிறமிகளை உதட்டில் அதே விதிகள் அனுமதிப்பதில்லை.

பிரியா: தங்கையும் நானும் ஒரே ஸ்டிக்கைப் போடுகிறோம்.

இன்றோடு நிறுத்துங்கள். கண்நோய் இப்படியும் தொற்றும். ஒருவருக்குக் கண் சிவந்தால் அந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்குள் போடுவதும் பகிர்வதும் கூடவே கூடாது, எத்தனை முறை கேட்டாலும் இதுதான் பதில்.

ஷீலா: கான்டாக்ட் லென்ஸ் முதலிலா, ஸ்டிக் முதலிலா?

லென்ஸ் முதலில், ஸ்டிக் பிறகு. இரவில் ஒப்பனையை நீக்குவதும் லென்ஸைக் கழற்றிய பிறகுதான்.

உமா: இமை அரித்துத் தடித்திருக்கிறது.

நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது என் துறை இல்லை.

ஹேமா: கழுவினாலும் போகவில்லை அக்கா.

இறுகிய படலம் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரில் (ஒப்பனை நீக்கும் திரவம்) பஞ்சை நனைத்து, மூடிய கண்மேல் பதினைந்து நொடி வையுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தேய்க்க வேண்டாம்.