பருவநிலைக் கொள்கை எந்த அமைச்சகத்தில் இருக்கிறது?

கேள்வி: ஓர் அரசு பருவநிலைக் கொள்கையை எப்படி நடத்துகிறது என்று முதுகலை ஆய்வுக்காகப் படித்துவருகிறேன். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்துவிட்டேன். மின்சாரம், வாகனம் பற்றி அவற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை. வேறு எங்கே தேடுவது?

பதில்: ஒன்றுமே இல்லை என்று கவனித்தீர்கள் பாருங்கள், ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம். சுற்றுச்சூழல் அமைச்சகங்கள் பலவும் ஆற்று நீர், ஆலைப் புகை, காடு ஆகியவற்றைக் கவனிக்க உருவானவை. ஜெர்மனியில் அது அமைந்தது 1986இல், செர்னோபில் அணு உலை விபத்து நடந்த சில வாரங்களில். கார்பன் விவகாரம் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் கார்பன் வெளியாகும் மின்நிலையம், சாலை, ஆலை, வயல் எல்லாம் வேறு அமைச்சகங்களின் பொறுப்பு. அதனால் சர்வதேச மாநாட்டில் ஒருவர் பேசுவார்; மின்நிலையக் கோப்பு இன்னொருவர் மேசையில் இருக்கும்.

ஆகவே முதலில் எரிசக்தித் துறை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம், அது அடிக்கடி மாறும். பிரிட்டனில் எரிசக்திக்கும் பருவநிலைக்கும் 2008இல் தனித் துறை தொடங்கினார்கள். 2016இல் அதை வணிகத் துறையோடு இணைத்தார்கள். 2023இல் மறுபடி பிரித்தார்கள். ஜெர்மனியில் 2021 இறுதியில் பருவநிலைப் பொறுப்பு பொருளாதார அமைச்சகத்துக்குப் போனது, 2025இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கே திரும்பியது. எரிசக்தி மட்டும் பொருளாதார அமைச்சகத்திலேயே தங்கிவிட்டது. இந்த ஒரு விவரத்தை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். நீங்கள் ஆராயும் ஆண்டில் நடப்பிலிருந்த துறை ஒதுக்கீட்டு ஆணையை, அதாவது எந்தப் பொறுப்பு எந்த அமைச்சகத்துக்கு என்று சொல்லும் உத்தரவை, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சட்டம். பிரிட்டனின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பை நிர்ணயிக்கச் சொல்கிறது. தனியாக ஒரு நிபுணர் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனி 2019இல் இன்னும் கறாராக இருந்தது: போக்குவரத்து, கட்டடம் என்று துறைவாரியாக ஆண்டு இலக்கு வைத்து, தவறிய அமைச்சகமே அவசரத் திட்டம் தர வேண்டும் என்றது. 2024இல் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டார்கள். என் கணிப்பில், ஓர் இலக்கு தவறினால் யார் பெயர் வெளியே வரும் என்று சட்டம் சொல்லவில்லை என்றால், அந்த இலக்கு வெறும் அறிவிப்புதான்.

பணத்தையும் விடாதீர்கள். எரிபொருள் வரியும் மானியமும் நிதி அமைச்சகத்தின் கையில். சுவீடனில் 2018 முதல் நடப்பிலுள்ள சட்டம், பட்ஜெட்டோடு சேர்த்தே பருவநிலை அறிக்கையும் வர வேண்டும் என்கிறது. நிதித் துறையை இழுத்து உட்காரவைக்க நல்ல வழி. வெள்ளம், வறட்சிக்குத் தயாராகும் வேலை பெரும்பாலும் வேறொரு துறையில் இருக்கும். பிரிட்டனில் அது சுற்றுச்சூழல் துறையிடம். உங்கள் ஆய்வு கார்பன் வெளியேற்றத்தைப் பற்றியது என்றால் அதை ஒரு பத்தியோடு முடித்துக்கொள்ளலாம்.

சரி, நாளைக்கே என்ன செய்வது? ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிலக்கரி மின்நிலையத்தை மூடியது மாதிரி. வரைவை எழுதியது யார், ஆட்சேபம் சொன்னது எந்தத் துறை, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று அமைச்சரவை அறிவிப்பு, நாடாளுமன்ற விவாதம், பட்ஜெட் ஆவணம் மூன்றிலும் தேடுங்கள். ஆண்டறிக்கைகளை அதன் பிறகு ஒருமுறை திரும்பப் படியுங்கள்.