பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளில் இந்தியா உண்மையில் முன்னேறியிருக்கிறதா?

உணவு, வேலை, கல்வி, உடல்நலம் போன்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரலில் இணைந்தது. அதன் பிறகு நாடு என்ன சாதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு தர வேண்டும், யார் தர வேண்டும், தராவிட்டால் எங்கே முறையிடலாம் என்பவை எந்த உரிமைக்கு எழுத்தில் வந்தனவோ, அதில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிகிறது. மற்றவை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையை எதிர்பார்த்தே நிற்கின்றன. உணவுரிமையை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியில், அதாவது அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைகளில், இவ்வுரிமைகளில் பல 1950 முதலே இருக்கின்றன. ஆனால் அவை நாட்டை ஆள்வதற்கு அடிப்படையானவை என்று சொல்லும் அதே 37-ஆம் கூறு, அவற்றை நீதிமன்றத்தின் வழியாகக் கோரிப் பெற முடியாது என்றும் சொல்கிறது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான வழியும் அடங்கும் என்று மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மழைக்காலம் முடிந்த பின் அவர்களை அப்புறப்படுத்துவதை அது தடுக்கவில்லை.

திருப்பம் 2001-இல் வந்தது. ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடக்க, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்திருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த மதிய உணவு, ஆண்டில் குறைந்தது 200 நாள், நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்டதாகத் தரப்பட வேண்டும் என்று அளவு குறித்தே ஆணையிட்டது. 1982 முதல் சத்துணவு கண்ட தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. ஆனால் மாதம் 3 கிலோ தானியத்தைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்ட மாநிலங்களில், பள்ளிக்கூடத்தில் அடுப்பெரிந்தது இந்த ஆணைக்குப் பிறகுதான்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்கிறேன். ஊரகத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள் வரை ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் சட்டப்படி கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். குடும்ப அட்டையில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது.

குறை, யாருக்கு என்று வரம்பு கட்டியதில் இருக்கிறது. மாநிலங்களின் பயனாளி எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து முடிவானது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இடையில் பிறந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் ஏராளமாக வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாடு 2016 நவம்பரில் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோதும் அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. அது சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

அட்டை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நியாயவிலைக் கடையில், ஆயுள் முழுக்கப் பீடி சுற்றித் தேய்ந்த விரல்களை ஒரு பாட்டி கைரேகைக் கருவியில் மாற்றி மாற்றி வைக்க, ஈரத் துணியால் துடைத்தும் பதிவாகாமல், பேரனை அழைத்துவரச் சொல்லி வெறும் பையோடு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். கருவி தோற்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

அரிசியைத் தாண்டினால் படம் மங்குகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2015–16-இல் 38.4 விழுக்காடு, 2019–21-இல் 35.5 விழுக்காடு, 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே இரத்தசோகையோ 53.1-இலிருந்து 57 விழுக்காடாக உயர்ந்தது. தானியம் வயிற்றை நிரப்பும். பருப்பும் முட்டையும் காய்கறியும் அந்த 5 கிலோவில் இல்லை. கருவுற்ற பெண்ணுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்று அதே உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், 2017-இல் வந்த திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது; மீதியை மருத்துவமனைப் பிரசவத்துக்கான வேறொரு திட்டத்தின் தொகையோடு சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். இரண்டாவது குழந்தைக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால் மட்டுமே, பின்னர் தொகை சேர்க்கப்பட்டது. சட்டத்தின் வாசகத்தில் அப்படியொரு நிபந்தனை எங்கும் இல்லை.