இலவசமாக உள்ளே போகும் பிள்ளைக்கு டிக்கெட் காசு எதற்கு?

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு வருகிற தை மாதம் மூன்று வயது முடியும். சின்னவளுக்கு இப்போது எட்டு மாதம். இவருக்குக் கட்டாரில் வேலை. மார்கழி லீவில் வரும்போது குடும்பமாகச் சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மட்டக்களப்பில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். விமானம், நான்கு இரவு ஹோட்டல், யுனிவர்சல் டிக்கெட், வரிசையில் நிற்காமல் போக எக்ஸ்பிரஸ் பாஸ் எல்லாம் சேர்த்து "நான்கு பேருக்கு" என்று ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். மாமியோ, "கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்க போய் என்னத்தப் பார்க்கப் போறீங்க" என்று கேட்கிறா. முற்பணம் கட்டலாமா?
— இரண்டு பிள்ளைகளின் தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: இந்த வெள்ளிக்கிழமை கட்டாதீங்க தங்கச்சி. பயணம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த "நான்கு பேருக்கு" என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நுழைவுச்சீட்டே தேவையில்லை. உங்கள் மகன் தையில் போனாலும் இலவசம்தான். ஆக, உங்கள் குடும்பத்துக்குத் தேவை இரண்டு டிக்கெட். விமானத்தில், இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனால், பெரியவருடைய கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பெரும்பாலான விமானக் கம்பனிகள் எடுக்கும். மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் அவனுக்குத் தனி இருக்கை கட்டாயம், அதற்குச் சிறுவர் கட்டணம். ஹோட்டலில் பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கும் சின்னப் பிள்ளைக்கு வழக்கமாகக் காசு எடுப்பதில்லை. இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கு பேருக்கு என்ற அந்தத் தொகைக்குள் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்று.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் தங்கையோடும் அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் இதே இடத்துக்குப் போனோம். மூன்று வயதுப் பிள்ளைக்கும் டிக்கெட் போட்டுத்தான் பெக்கேஜ் தந்திருந்தார்கள். வாசலில் சீட்டுப் பார்க்கிற பெண்பிள்ளை அந்தச் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டு உள்ளே விட்டது. திரும்பி வந்து கேட்டதற்கு, "பெக்கேஜ் விலையைப் பிரிக்க ஏலாது" என்ற பதில்தான் கிடைத்தது. எங்களிடம் விலையைப் பிரித்து எழுதிய கடதாசி எதுவும் இருக்கவில்லை, வாதாடவும் வழியில்லை. அந்தத் தவறு உங்களுக்கு வரக்கூடாது. விமானம் எவ்வளவு, ஹோட்டல் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு, அவர்களுடைய சேவைக் கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு கடையைப் பாருங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த ஏஜென்சியா என்பதையும் கேளுங்கள். பதிவு இருப்பவர்கள் அதைச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

அடுத்தது எக்ஸ்பிரஸ் பாஸ். இதைக் கட்டாயம் நீக்கச் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தை எடுத்து மகனின் உயரத்தைப் பாருங்கள். இந்தப் பூங்காக்களில் வயது உள்ளே போவதற்கு மட்டும்தான், ஏறுவதற்கு உயரம்தான் கணக்கு. டிரான்ஸ்போமர்ஸ் சவாரிக்கு 102 சென்ரிமீற்றர் வேண்டும். மம்மி என்ற ரோலர் கோஸ்டருக்கு 122. அந்தப் பெரிய இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. நனைகிற டைனோசர் படகுக்கு 107. ஷ்ரெக் பகுதியில் இருக்கும் பூனையின் சவாரிக்கு 100. மூன்று வயதை நெருங்கும் பிள்ளை பெரும்பாலும் 90-க்கும் 97-க்கும் இடையில்தான் நிற்கும். அவன் 92-ஐத் தொட்டிருந்தால் சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்றில் ஏறலாம். தொடாவிட்டால் செசமி ஸ்ட்ரீட் சவாரி, பழைய கார் ஓட்டுகிற சவாரி போன்ற ஒரு சிலவற்றில் உங்களோடு சேர்ந்து இருக்கலாம். நீளமான வரிசை நிற்பதெல்லாம் பெரிய சவாரிகளுக்குத்தான். மகன் ஏற முடியாத சவாரிக்கு வரிசை தாண்டிப் போகக் காசு கட்டி என்ன பயன்?

உங்கள் கணவருக்கு டிரான்ஸ்போமர்ஸில் ஏற ஆசை இருக்கும், அது நியாயம்தான். அதற்கு ஒரு வசதி இருக்கிறது, காசு இல்லாமலே. சவாரி வாசலில் நிற்பவரிடம் "சைல்ட் சுவிட்ச்" என்று கேளுங்கள். ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் பிள்ளைகளோடு காத்திருக்கலாம். பிறகு மற்றவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். டிஸ்னி பூங்காக்களிலும் இதே ஏற்பாடு உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முதல் விடயம் இதுதான், ஆனால் எந்த ஏஜென்சியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மாமி கேட்ட கேள்வியும் நல்ல கேள்விதான். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பூங்காவில் அரை நாள் போதும். திறக்கிற நேரத்துக்கே வாசலில் நின்று, வெயில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்த்து, பகல் சாப்பாட்டோடு வெளியே வந்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு மணிக்கு ஸ்ட்ரோலரிலேயே தூங்கிப்போனார்கள். பின்னேரம் முழுவதும் நாங்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம். பூங்காவை ஒரு காலைப்பொழுதுக்கு என்று வைத்துக்கொண்டு, மிச்ச நாட்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கார்டன்ஸ் பை த பேயில் சிறுவர் தோட்டம் இருக்கிறது, நுழைவு இலவசம், தண்ணீரில் விளையாடலாம். மாற்றுடுப்பு கொண்டு போங்கள், திங்கட்கிழமை பூட்டியிருக்கும். மிருகக்காட்சிச்சாலையில் மூன்று வயதுக்குக் கீழே இலவசம், மார்கழியில் போனால் மகனுக்கும் காசு இல்லை. என் தங்கையின் மகனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஒராங்குட்டான்தான். யுனிவர்சலில் சுற்றுகிற அந்தப் பெரிய உலக உருண்டை அவனுக்கு நினைவிலேயே இல்லை.

இவ்வளவு காசு செலவழிப்பது பூங்காவுக்காகத்தான் என்றால், இந்த வயதுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகள் நிறைய இருப்பது ஹொங்கொங் டிஸ்னிலாண்டில். அங்கேயும் மூன்று வயதுக்குக் கீழே இலவசம். ஆனால் நம் கடவுச்சீட்டுக்கு ஹொங்கொங் விசா கேட்கும். சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை, கொழும்பில் இருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். கைக்குழந்தையோடு முதல் பயணம் என்பதால் நான் சிங்கப்பூரையே சொல்வேன். விலை குறைவு என்று இடையில் இறங்கி மாறும் விமானத்தை எடுக்க வேண்டாம். ஜோகூரில் இருக்கிற லெகோலாண்ட் பூங்காவையும் சேர்த்துத் தருகிறோம் என்று சொன்னால், அது மலேசியாவில் இருக்கிறது, அதற்கு வேறாக விசா எடுக்க வேண்டும் என்பதை மனதில் வைத்திருங்கள்.

மார்கழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு மாரி என்றால் சிங்கப்பூருக்கும் மாரிதான், அதே வடகீழ்ப் பருவக்காற்று. இடி மின்னல் என்றால் வெளியே இருக்கிற சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காக டிக்கெட் காசு திரும்பாது. அங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அதே மாதத்தில். ஆகவே டிக்கெட்டைக் கடைசியாக வாங்குங்கள், பூங்காவின் சொந்த இணையத்தளத்திலேயே, சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளுக்கு. உங்கள் வங்கி அட்டையில் கட்டும்போது வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான கட்டணமும் முத்திரைத் தீர்வையும் மேலதிகமாகக் கழியும், அதையும் கணக்கில் சேருங்கள்.

நம் பக்கத்து மழையும் இருக்கிறது. மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறினால் பாதை எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகையிரதமும் நின்றுவிடும். விமானம் ஏறுகிற அன்றே வீட்டில் இருந்து கிளம்புவது மார்கழியில் வேண்டாம். குறைந்தது முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் போய் இரவு தங்குங்கள். பிள்ளைகளும் ஏழெட்டு மணித்தியால வான் பயணத்தின் களைப்பு ஆறி எழும்புவார்கள்.

கடவுச்சீட்டு வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் இருவருடைய சம்மதமும் கேட்பார்கள். கணவர் கட்டாரில் இருப்பதால் அங்குள்ள நம் தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதத்தை இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். எல்லாருடைய கடவுச்சீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மிச்சம் இருக்கட்டும். சிங்கப்பூருக்கு இறங்க முன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும், பிள்ளைகளுக்கும்தான். அது முழுக்க இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் அல்ல.

சின்னவளுக்கு ஒன்பது மாதத்தில் போடுகிற எம்.எம்.ஆர் ஊசியைப் பயணத்துக்காகப் பிற்போட வேண்டாம். கிளினிக்கில் பயணத் திகதியைச் சொல்லி, இரண்டு கிழமைக்கு முன்னமாவது போட்டு முடியுங்கள். ஜீவனி பக்கெட்டும் பனடோல் சிரப்பும் சூட்கேசுக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். இருக்கை பதியும்போதே குழந்தைக்குத் தொட்டில் மாட்டுகிற முன்வரிசை இருக்கையைக் கேளுங்கள். அது சிலதான் இருக்கும், நிறை எல்லையும் உண்டு, பத்து மாதக் குழந்தைக்குப் பொருந்துமா என்று விமானக் கம்பனியிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

சிங்கப்பூரில் இறங்கிய பிறகு தொலைபேசியில் அழைக்கிற தனியார் காரில் ஏறுவதானால், 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிறுவர் ஆசனம் சட்டப்படி வேண்டும். சாதாரண டக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரயிலில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே கொண்டு போகலாம், 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை. நாங்கள் பெரும்பாலும் ரயிலில்தான் திரிந்தோம்.

கேள்வி: இதேபோல ஒரு பயணத்துக்கு ஏஜென்சியில் 50,000 ரூபா முற்பணம் கட்டினேன். பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் கூடி ஆசுப்பத்திரியில் வைத்தோம். போக முடியாது என்று சொன்னதும் காசு திரும்பாது என்கிறார்கள். என்னிடம் பற்றுச்சீட்டு மட்டும் இருக்கிறது.
— வாசகர், கல்முனை

பதில்: குழந்தை இப்போது சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன் தம்பி. பற்றுச்சீட்டு இருப்பது பெரிய பலம். அதில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியிருக்கிறதா, நீங்கள் வேறு ஏதாவது நிபந்தனைக் கடதாசியில் ஒப்பம் வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்கள் பெயரில் விமான டிக்கெட் போட்டார்களா, ஹோட்டல் பதிந்தார்களா என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். எதையுமே பதியாமல் முழுக் காசையும் வைத்துக்கொள்வது ஒரு விதம், பதிந்து அவர்களுக்கே நட்டம் வந்திருப்பது இன்னொரு விதம். டிக்கெட் போட்டிருந்தால்கூட, பயணிக்காத டிக்கெட்டின் விமான நிலைய வரிகளைப் பல நேரங்களில் மீளப் பெறலாம். அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். வாயால் கேட்க வேண்டாம். ஆசுப்பத்திரித் துண்டின் பிரதியோடு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே "அடுத்த கிழமை வாங்க" என்று அவர்கள் இழுத்தடிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போவதும் நல்ல வழி. சட்டத்தரணி தேவையில்லை, இப்படியான தொகைக்கு வழக்கு வைப்பதைவிட அது நல்லது.

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்குப் பால்மா, கஞ்சி எல்லாம் விமானத்தில் கொண்டு போக விடுவார்களா? பூங்காவுக்குள் ஹலால் சாப்பாடு கிடைக்குமா?
— தாய், சம்மாந்துறை

பதில்: விடுவார்கள். 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் இல்லை, பயணத்துக்குப் போதுமான அளவாக இருந்தால் சரி. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். பால்மாவைப் பிரிக்காத பக்கெட்டாகவே வையுங்கள், சுடுதண்ணீர் விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டால் தருவார்கள். இறைச்சி, முட்டை கலந்த சாப்பாட்டைச் சிங்கப்பூருக்குள் கொண்டு போக வேண்டாம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள், குழந்தை உணவுக்கு மட்டும் தடை இல்லை. ஹலாலுக்கு, அங்குள்ள இஸ்லாமிய மன்றமான முயிஸின் சான்றிதழ் மாட்டியிருக்கிற உணவகமா என்று பாருங்கள். "பன்றி இறைச்சி இல்லை" என்று எழுதியிருப்பது அந்தச் சான்றிதழ் ஆகாது.