பழைய ஜீப்பின் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மேலே தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதுமா?

போதாது. அதற்காக வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவும் வேண்டாம். இதே வேலையைப் படுத்துக்கொண்டும் மண்டியிட்டும் செய்து முடித்தவன் என்பதால் சொல்கிறேன்.

பின் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். "ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை" என்று யாராவது ஆசை காட்டியிருப்பார்கள். பெட்டி போல மூடிய சட்டம் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே போகும், தண்ணீர் வடிய வைத்த துளைகள் சேற்றில் அடைபடும், ஈரம் அங்கேயே தங்கிவிடும். வெளியில் ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே துரு எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டது. சுற்றிலும் ஒரு சாண் தூரம்கூடத் தகடு மெலிந்திருக்கலாம். மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும்.

என்னுடையது பழைய லேண்ட் ரோவர். முதல் வண்டி வந்தது 1948ல். போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பாடியைப் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்தார்கள், சேஸிஸ் மட்டும் எஃகு. அதனால் மேலே பார்த்தால் வண்டி நன்றாக இருக்கும், அடியில் சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும். எனக்கு விற்றவர் அடியில் கருப்பு அண்டர்கோட்டிங்கைக் கெட்டியாக அப்பிவைத்து, "துருவே வராது சார்" என்றார். துருவின் மேல் அதைப் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பது போலத்தான். சேஸிஸ் வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டே விலை பேசினேன்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். பின் கமான் பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளுக்கு மேலே வந்தபோது சத்தம் தொப்பென்று அமுங்கியது. தட்டைத் திருப்புளியை வைத்து அழுத்தினேன், பிடி வரை இறங்கிவிட்டது. இழுத்தபோது ஈரச் சேறும் பொருக்குப் பொருக்காகத் துருவும் கையில் கொட்டின. கோட்டிங்கைச் சுரண்டினால் ஒரு பேட்ச். அதை கிரைண்டரால் அறுத்து எடுத்தால் அடியில் இன்னொரு பேட்ச். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகளுக்கும் நடுவில் அது வீங்கி, மேல் தகட்டையே வெளியே தள்ளியிருந்தது. முன்பு யாரோ காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. அந்தச் சட்டத்தை நம்பி ஒரு குடும்பம் அந்த வண்டியில் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அப்புறம் பேட்டரியைக் கழற்றினேன், பெட்ரோல் டேங்க்கையும் பிரேக் குழாய்களையும் முழுதாக இறக்கினேன். டேங்க் பக்கத்தில் இருக்கும்போது வெல்டிங் பொறி பறக்கவே கூடாது. எங்கள் வண்டியில் வயரிங் சேஸிஸுக்குள்ளேயே ஓடும். அதை உருவும்போது நுனியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் திரும்ப இழுத்து மாட்டச் சுலபம்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று உண்டு. சட்டத்தை ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, குறுக்கே ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாக இறுக்கி, மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதிவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கதவு சாத்தாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

துருவை முழுதாக வெட்டி, பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும் வரை போனேன். புதுத் தகடு பழையதன் கனமே இருக்க வேண்டும்; எங்களுடையது சுமார் 2 மி.மீ. கனத்த தகடு போட்டால் பலம் என்று நினைக்காதீர்கள், அதன் ஓரத்தில்தான் பிறகு விரிசல் விழும். உதவிக்கு வந்த வெல்டர் சட்டத்தின் குறுக்கே நேர்செங்குத்தாக வெல்டிங்கை ஒரே கோடாக இழுக்கப் பார்த்தார். வேண்டாம் அண்ணே என்று நிறுத்தி, இணைப்பின் மேலே வைக்கும் பலத் தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டிக் கொடுத்தேன். சட்டம் வளையும்போது அழுத்தம் ஒரே கோட்டில் விழக்கூடாது. சூட்டில் கோணாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி மாற்றி வைத்தார். நல்ல கைக்காரர்.

சேஸிஸில் வெல்டிங்கே வைக்கக் கூடாது என்று சொல்ல சிலர் வருவார்கள். கனரக லாரிகளின் உறுதி கூட்டிய எஃகுச் சட்டத்துக்கு அது பெருமளவு சரி. நான் பேசுவது பழைய மைல்டு ஸ்டீல் (சாதாரண மென் எஃகு) சட்டம். தொழிற்சாலையிலேயே அது தகடுகளை வெல்டிங் வைத்து உருவானதுதான். சேஸிஸ் எண் பொறித்த இடத்தை மட்டும் வெட்டவோ தேய்க்கவோ கூடாது, பதிவில் சிக்கல் வரும்.

கேள்விக்கு வெளியே ஒன்று. ஐந்தாறு விளக்கு, பெரிய டயர், முன்னால் கேபிளைச் சுற்றி இழுக்கும் வின்ச் எல்லாம் மாட்டிய வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன். வின்ச் மாட்டிய சட்டத்தில் விரல் நுழைகிறது! சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டியை அந்த வின்ச்சைக் கொண்டு இழுக்கும்போது சட்டம் பிய்ந்தால் கேபிளோடு பறந்து வரும், எதிரே நிற்பவர் பிழைப்பாரா? விளக்குக்குச் செலவழிப்பவர் முதலில் ஒரு சுத்தியல் வாங்கலாமே.

சரி, வெல்டிங்கோடு முடிந்துவிடாது. உள்ளே சேற்றைக் கழுவிக் காயவைத்து, வடிகால் துளைகளைத் திறந்துவிட்டு, சட்டத்துக்குள் நீளக் குழாய் வைத்து மெழுகு அடிக்க வேண்டும். துளைகளில் மெழுகு சொட்டினால்தான் உள்ளே எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது என்று தெரியும். வெளியே துத்தநாகப் பிரைமர், அதன்மேல் பெயின்ட்.

கமான் பட்டை மாட்டும் இடங்கள் பலவும், குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தே உளுத்துப் போயிருந்தால் வெட்டி ஒட்டுவதில் பொருளில்லை. கால்வனைஸ் செய்த புதுச் சேஸிஸ் கிடைத்தால் அதற்கே போய்விடுங்கள். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முழுச் சட்டத்தையும் முக்கி எடுப்பதால் உட்புறமும் பூசப்பட்டுவிடும். அதில் பின்னால் வெல்டிங் வைக்க நேர்ந்தால் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டத்தில் வையுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

முதலில் சுத்தியலோடு அடியில் போய், திருப்புளி இறங்கும் இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு எழுதுங்கள். வெட்டுவதா மாற்றுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.